ரசம்

வெள்ளி ஆறு என்று பெயர் வைத்தார்கள்.
பார்த்தவர்கள் வைத்திருக்க மாட்டார்கள்.
பால் குறைத்த தேநீரின் நிறம் இதற்கு.
முழங்கை வரை விட்டால்
விரல்கள் காணாமல் போகும்.

மொந்தெவிடேயோவிலிருந்து கிளம்பி
இங்கிலீஷ் திட்டுக்குத் தெற்கே நங்கூரம்.
ஆறு எங்கே முடிந்தது என்பதில்
உப்புக்கே குழப்பம் இங்கே.

என் வேலை கயிறு.
வில்மார் கீழே போவான். நான் மேலே பிடித்திருப்பேன்.
ஓர் இழுப்பு: இருக்கிறேன்.
இரண்டு: தளர்த்து.
மூன்று: ஏதோ கிடைத்திருக்கிறது.
நான்கு: தூக்கு, உடனே தூக்கு.
இந்த நான்கு சொற்களில்
பதினோரு வருடம் பேசியிருக்கிறோம்.
கரையில் எங்களுக்குப் பேச வராது.
அவன் மனைவி மீர்த்தாவுக்கு என்மேல் சந்தேகம்.
ஒருநாள் படகுக்கே வந்து
அரை மணி கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள்.
கை எரிகிறது என்று திருப்பிக் கொடுத்தாள்.
அதோடு சரி.

தேடியது சாந்தா எஸ்கோலாஸ்திகாவை.
ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டில்
பம்பேரோ காற்று சாய்த்த கப்பல்.
பணம் போட்ட தலாவேராவிடம் சரக்குப் பட்டியலின் நகல் இருந்தது,
காதிஸில் எவனோ ஒரு குமாஸ்தா இறகால் எழுதியது.
'அரசருடையது, இருநூறு பெட்டி.'
பெட்டிக்குள் என்ன என்ற இடத்தைப் புழு தின்றிருந்தது.
அந்த ஓட்டையில் அவர் தங்கம் என்று படித்தார்.
நாங்களும் அப்படியே படித்தோம்.
ஸ்பெயினிலிருந்து வரும் கப்பலில்
தங்கம் எதற்கு வரும் என்று
ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
சமையல்கார அனீபல்
பல் கட்டும் செலவைக் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

நாற்பத்தோராம் நாள், மூன்று இழுப்பு.
பிறகு ஒன்று. மறுபடி மூன்று.
பிறகு எங்கள் மொழியில் இல்லாத ஒரு நடுக்கம்.

முகமூடியைக் கழற்றியதும் சொன்னான்:
"கையை விட்டேன், ஓஃபெலியா.
தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீர்.
கல்லைவிடக் கனம். அள்ளினால் நிற்கவில்லை.
என் கையை வெளியே தள்ளுகிறது."

மாத்தேக்கு வெந்நீர் வைக்கும் குடுவையில்
பாதி கொண்டுவந்தான்.
அனீபல் ஒரு கையால் தூக்கப்போய்
மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டான்.
தட்டில் ஊற்றினோம்.

பாதரசம்.

ஆட்டுத்தோல் பைகள் அழுகின, பீப்பாய்கள் அழுகின,
ஆணிகள் கரைந்தன,
மாலுமிகளின் எலும்பும் போயிற்று.
இது மட்டும் கப்பலின் அடிவயிற்றில்
குளமாய்க் கூடி விழித்துக்கிடந்தது.

பொத்தோசி மலைக்குப் போயிருக்க வேண்டியது.
மாவாக்கிய கல்லோடு இதைக் கலந்து
வெறுங்காலால் மிதிக்க
அங்கே ஆள் பிடித்து வைத்திருந்தார்கள்.
இருநூறு பெட்டி வராத அந்த ஆண்டு
யாருடைய கால்களோ சில மாதம் ஓய்ந்திருக்கும்.
அல்லது வேறு கப்பல் வந்திருக்கும்.
பட்டியலில் அதெல்லாம் இருக்காது.

தலாவேரா வெகுநேரம் தட்டைப் பார்த்தார்.
விற்க முடியாது. தொட்டதற்கே அபராதம் வரும்.
அவர் முகம் தட்டில் உருண்டு
மூன்றாய்ப் பிரிந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.
மறுநாள் பாதிச் சம்பளத்துக்குக் காசோலை எழுதினார்.
அனீபலின் பல் அப்படியே இருக்கிறது.

ரசம் போன கண்ணாடி என்றுதான்
இத்தனை நாள் இந்த ஆற்றை நினைத்திருந்தேன்.
வெளிச்சம் விழும், முகம் விழாது.
போன ரசம் எங்கே என்று
இப்போது எனக்குத் தெரியும்.
ஒன்பது மீட்டர்.
அதற்குமேல் சேறு.

அதிகாரிகள் சொன்னபடி
மஞ்சள் மிதவை ஒன்றை அங்கே கட்ட
வில்மார் கடைசியாக ஒருமுறை இறங்கினான்.
கட்டக் கால்மணி போதும்.
அரைமணி ஆயிற்று.
நான் இழுக்கவில்லை, பிடித்திருந்தேன்.
அப்புறம் கயிறு அசைந்தது:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
தூக்கக் குனிந்தேன்,
ஐந்து.

ஐந்துக்கு எங்களிடம் அர்த்தம் கிடையாது.
நானும் ஐந்து இழுத்தேன்.