இருநூற்றுப் பதினேழாம் வரி

பழைய சிப் இனி வராது என்று
கம்பெனிக்காரன் ஒரு வரியில் முடித்துக்கொண்டான்.
புதியது வந்தது, கருப்பு டேப்பில் சுருண்டு,
ரீலுக்கு இரண்டாயிரம்.
அதே அகலம், அதே கால்கள், மூலையில் அதே புள்ளி.
"அப்படியே எடுத்து வெச்சுருங், வேறெதும் தொட வேண்டாங்"
என்றார் விற்க வந்த மனோரஞ்சிதன்
மிக்சரைக் கொறித்தபடி.
'ஒத்துப்போகும்' என்ற கட்டத்தில்
டிக் அடித்தது நான்தான்.

வைத்தோம்.
பச்சை விளக்கு எரிந்தது.
சீரியல் ஒயரில் ஒரு புள்ளி வந்தது.
அடுத்த புள்ளி வரவில்லை.

கணபதியில் எங்கள் மாடிக்குக் கீழே லேத் பட்டறை.
காலையிலிருந்து அவர்கள் நூறு புஷ் கடைந்துவிட்டார்கள்.
எங்களிடம் அதே ஒற்றைப் புள்ளி.

சௌடாம்பிகா ஸ்கோப்பின் முனையை
ஒன்பதாம் காலில் வைத்தாள்.
நினைவகம் தயார் என்று சொல்கிற கால்.
கோடு மேலே ஏறியது, ஏறி அப்படியே போனது
இறங்க வழி விடாத அவிநாசி ரோட்டு மேம்பாலம் மாதிரி.
சிப் சொல்லிவிட்டது.
எங்கள் நிரல்தான் கேட்காமல் உட்கார்ந்திருந்தது.

பொழுதோட கண்டுபிடித்தாள்.
வரி இருநூற்றுப் பதினேழு.
பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு:
'மொத தயாரை நம்பாதே. விழட்டும். ரெண்டாவதுக்கு நில்.'
எழுதிய சண்முகவடிவேலு
ஓசூருக்கு வேலை மாறி ஒன்பது வருசம்.

பழைய சிப்புக்கு அப்படி ஒரு பழக்கம்.
"கௌம்பிட்டனுங்" என்று போனில் சொல்லிவிட்டு
சோப்புப் போடப் போகிற ஆள் அது.
கையைத் தூக்கும், இறக்கும்,
மறுபடி தூக்கினால்தான் நிசம்.
நானூறு பக்கக் கையேட்டில் இது எங்கும் இல்லை.

புதியது ஒரு தடவைதான் சொல்லும்.
அது விழும் விழும் என்று
எங்கள் நிரல் விடிய விடியக் காத்திருக்கும்.

"அந்த வரியை அழிச்சுரலாமா?" என்றேன்.
அவள் திரும்பிப் பார்த்த பார்வையில்
சோமனூர், பல்லடம், கருமத்தம்பட்டி,
அறுநூற்றுப் பதினொரு தறிகள் இருந்தன.
எல்லாவற்றிலும் பழைய சிப்.
எல்லாவற்றுக்கும் போகப்போவது இதே பென்டிரைவ்.

பேர் கேட்டுப் பிரித்துவிடலாம் என்று பார்த்தோம்.
பழையது மூன்று என்றது, புதியது நான்கு என்றது.
நடுவில் வந்த ஒரு லாட்
பூஜ்யம் என்றது.
அலமாரியைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனோம்.

டீக்கடைத் துண்டுக் காகிதத்தில் அவள் எழுதினாள்:
விழ நாற்பது மைக்ரோ விநாடி கொடு.
விழுந்தால் இரண்டாவதற்கு நில்.
விழாவிட்டால் நம்பு.
"அதென்ன நாற்பது?"
"அளந்ததுல பெருசு இருபத்தாறுங்.
மிச்சம் பதினாலு பயத்துக்கு."

வியாழக்கிழமை சோமனூர்.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பன்னிரண்டு தறி,
நாலில் புதுசு, எட்டில் பழசு.
தறிக்காரருக்கு எது எதென்று தெரியாது.
"ஓடுனாச் சரிங்" என்று பாவு பார்க்கப் போய்விட்டார்.
ஓடியது.
பஞ்சுத்தூசி அவள் புருவத்தில் இறங்கியது.

ரெண்டரை மணிக்குக் கரண்ட் போயிற்று.
ஷெட்டே காது அடைத்த மாதிரி ஆனது.
வந்ததும்
லேப்டாப்பைச் சீரியல் ஒயரில் செருகி
இருவரும் குனிந்தோம்.

ஒரு புள்ளி.