முழங்கால் மடக்கிய கோடு

பதினோரு வருடம் மழை வரைந்தேன்.
முகங்கள் தொகிவாவுடையவை.
கண், விரல், பேச்சுக்குமிழி எல்லாம் அவர் கை.
குமிழிகளுக்கு வெளியே
எங்கே வெள்ளை மிச்சமோ
அங்கே நான் பெய்தேன்.

நெரிமாவில் ஒரு சலவைக்கடையின் மாடி.
இரண்டு மேசை, ஒரு சோற்றுக் குக்கர்.
புதன் காலை பத்திரிகையிலிருந்து இனகாகி வருவார்,
மை காயாத பத்தொன்பது பக்கங்களை
துடிக்கிற மீனை வாங்குவதுபோல்
இரு கையாலும் வாங்கிப் போவார்.

கதை இவ்வளவுதான்:
ரயிலில் மறந்துபோன குடைகளை
உரியவர் வீடு தேடிக் கொடுக்கிறாள்
தொலைந்தபொருள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி.
'மறதிக் குடைகள்'.
குடைக்கதைக்கு மழை வேண்டாமா?
தூறலுக்கு மெல்லிய நிப்.
அடைமழைக்கு அளவுகோலைச் சாய்த்து
பக்கத்துக்கு அறுநூறு கோடு.
சாரலுக்கு மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாற்பத்து மூன்றாம் அத்தியாயம், பதினாறாம் பக்கம்.
விடிகாலை நாலேகாலுக்கு
நிலம் ஒருதரம் உலுக்கி விட்டது.
பெரிதாக ஒன்றுமில்லை,
குக்கர் மூடி கிணுகிணுத்தது.
என் கையிலிருந்த கோடு
பாதியில் முழங்கால் மடக்கிக்கொண்டது.
அழிக்க வெள்ளை மை இல்லை.
"விடு," என்றார் தொகிவா,
"மழைக்குக் கால் தடுக்காதா என்ன?"

வாரப் பத்திரிகையின் பழுப்புத் தாளில்
ஏழு நாள் இருந்தது அந்தக் கோடு,
பிறகு பழைய பேப்பர் கட்டோடு போனது.
தொகுதியாக வந்தபோது
யாரோ அதை நிமிர்த்தியிருந்தார்கள்.

வானொலி நாடகத்தில்
மூங்கில் முறத்தில் பயறு உருட்டினார்கள்.
ஒலிக்காரர் ஷிகெமோரி
முறத்தை என்னிடம் ஒரு நிமிடம் தந்தார்.
என் மழைக்குச் சத்தம் உண்டு என்று
அன்றுதான் தெரியும்.
குடைப்பெண்ணுக்கு ஒரு குரல் வந்தது.
கேட்டுவிட்டுத் தொகிவா
இரண்டு நாள் பேனா தொடவில்லை.
"இனி குமிழிக்குள் என் எழுத்து
வாடகைக்குத்தான் இருக்கும்."

அனிமேக்காரப் பையன் பணிவாகக் குனிந்தான்:
"மழையைக் கணினி பார்த்துக்கொள்ளும்."
பார்த்துக்கொண்டது.
ஒரு துளிகூடத் தடுக்கி விழவில்லை.

ஒசாகா மேடையில் மழை வெள்ளி நூல்.
நாயகி சிக்கிக்கொண்டாள்,
கத்தரிக்கோலோடு ஒருவன் ஓடிவந்தான்,
நாடகம் என்று நினைத்து
மூன்றாம் வரிசை அழுதது.

திரைப்படம் எடுத்த வாரம் வெயில் கொளுத்தியது.
தீயணைப்பு வண்டி பீய்ச்சிய மழையில்
பக்கத்து வீட்டு மெத்தை நனைந்து சண்டை.
கடைசியில் ஓடிய பெயர்களில்
தீயணைப்பு நிலையத்துக்கு நன்றி இருந்தது.
தேடவில்லை என்று சொன்னால் பொய்.

அப்புறம் தொகிவாவின் மணிக்கட்டு மறுத்தது.
இறுதி அத்தியாயத்தின் முன்வரைவை நீட்டி
என் முகம் பார்க்காமல் சொன்னார்:
"இதில் வெயில்."
எனக்கு வேலை இல்லை.
அரிசி களைந்து வைத்தேன்.
நிறைய களைந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து
ஷகுஜி பூங்கா நிலையத்தில்
ரயிலுக்கு நிற்கிறேன், நல்ல மழை.
முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண்,
ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடை,
குடை முழுக்க அச்சிட்ட மழை.
விளம்பரப் பொருள்; விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.
எந்தச் சோம்பேறியோ
பழைய பத்திரிகையிலிருந்தே
படம் எடுத்திருக்கிறான்:
கைப்பிடிக்கு நேர் மேலே, முழங்கால் மடக்கி,
அது.

நிஜ மழையில் கோடே இல்லை.
அது பாட்டுக்கு விழுந்து
என் கோட்டின் வளைவில் ஒரு கணம் தயங்கி
ஒழுகிப் போகிறது.

ரயில் வந்தது.
அவள் குடையை மடக்கி உதறினாள்.
என் புறங்கையில் நாலு துளி.

அவள் பின்னாலேயே ஏறினேன்.
இரண்டு நிலையம் வரை
அந்தக் குடையை அவள் மறக்கிறாளா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.