ஒன்பதாம் திருத்தம்

புதிதாக வந்தவர்களுக்கென்று
இரண்டாயிரத்து ஒன்பதில் நான் எழுதிய இரண்டு பக்கம்
மார்க்கம் வீதி லாண்டரிக் கடைச் சுவரில்
இன்னும் தொங்குகிறது.
நேற்றும் யாரோ படம்பிடித்துக்கொண்டு போனார்களாம்.
அதனால் இந்த ஞாயிறும் சிவப்புப் பேனை.

கென்னடியில் நீல ரயில் ஏறுங்கள் என்றிருந்தது.
அந்த ரயிலே இல்லை. பஸ் என்று மாற்றினேன்.
குளிர்ச் சப்பாத்து நாற்பது டாலருக்குள்.
சிரிப்பு வந்தது. விலையை வெட்டி
ஒக்டோபருக்கு முன் என்று போட்டேன்.
பயப்படாதீர்கள், மூன்று இடத்தில்.
யாருக்குச் சொன்னேனோ அப்போது.
இரண்டை அடித்தேன்.

இங்கே எல்லோரும் உதவுவார்கள்.
முப்பத்தொரு வயதில் எழுதிய வரி.
எல்லோரும், சிலர் ஆனது.
கொஞ்சம் பொறுத்து
கேட்டால் என்று ஒரு சொல் சேர்த்தேன்.

கடைசியில் யோகாம்பிகையின் நம்பர்.
எந்த நேரமும் எடுங்கள்.
எட்டுத் திருத்தத்திலும் அதில் கைவைக்கவில்லை.
அவள் போய் ஆறு வருடம்.

இன்று எடுத்துப் பார்த்தேன்.
அறியாத ஆண்குரல், ஆங்கிலம்,
பின்னால் ஏதோ மரம் அறுக்கும் சத்தம்.
நான் வாய் திறக்குமுன்
பாடமாக்கியதுபோல் சொன்னார்:
யோகா இங்கே இல்லை.
லைப்ரரிக்குப் போங்கள், இரண்டாம் மாடி,
அங்கே தமிழ் பேசுவார்கள்.
குளிராக இருந்தால் தொப்பி போடுங்கள்.
வைத்துவிட்டார்.

நம்பர் அப்படியே இருக்கட்டும்.
ஆனால் அந்த அலுவலகம்
போன மாசியிலேயே இடம் மாறிவிட்டது.

திரும்ப அழைத்தேன்,
அவருக்குப் புது விலாசம் சொல்ல.