தை இரண்டாம் ஞாயிறு, நொச்சிக்குளம்

பெயர் கொடுத்தது பத்தொன்பது குடும்பம்.
வந்தது ஆறு.
அதில் ஒரு வீட்டார்
கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்கள்.
பட்டுச்சேலையோடு கரையேறி
"பூங்கா எங்க?" என்றார்கள்.

பூங்கா என்று நோட்டீஸில் போட்டது என் பிழைதான்.
பேரூராட்சி போட்ட சிமெண்ட் பெஞ்சு இரண்டு,
சறுக்குப்பலகை ஒன்று, அதன் அடியில் ஓர் ஆடு.
மீதியெல்லாம் தண்ணீர்.
கார்த்திகையில் மறுகால் பாய்ந்த குளம்
இன்னும் வயிறு இறங்காமல் கிடக்கிறது.
கரைக்கு அந்தப் பக்கம் பிசானம் பால் பிடிக்கிறது.
அதற்கும் அப்பால் மலை, பாதிக்கு மேல் மேகம்.

பைனாகுலர் இரண்டு. ஒன்றில் ஒரு கண்தான் தெரியும்.
மேலப்பாளையத்து மசூது அதையே கேட்டு வாங்கினார்:
"கடைக் கணக்கையே நான் அப்படித்தான் பாக்கேன் டீச்சர்."
நான் டீச்சர் இல்லை,
தபால் ஆபீசில் ஸ்டாம்பு குத்துகிறவள்.
சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

சத்தம் போட்டால் பறந்துவிடும் என்றேன்.
அதன்பின் கொஞ்ச நேரம்
ஜெபக்கனியின் கைக்குழந்தைகூட
விரல் சப்புவதை விட்டுவிட்டுப் பார்த்தது.

நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை.
முக்குளிப்பான், இதோ, இல்லை, அங்கே.
கூழைக்கடா நாலு, பந்தியில் இடம் பிடித்தவர்கள் மாதிரி.
நடுவில் ஒரு தீவு போல
ஊசிவால் வாத்துகள்,
எங்கோ பனி விழுகிற சீமையிலிருந்து
நம்மூர் ஆகாயத்தாமரைக்குள் தூங்க வந்தவை.

எண்ணினோம், பத்துப் பத்தாக.
மசூது நூற்றுப்பத்தில் இருந்தார்,
சுப்புத்தாய் எண்பதில்.
அவள் மகள் உலகம்மைக்கு எட்டவில்லை.
மடைப் பக்கம் கிடந்த கல்லில் ஏறி நின்று
விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது மினி பஸ் ஹாரன் அடித்தது.

தீவு எழுந்தது.
நூறு கொடியில் ஒரே நேரத்தில் சேலை உதறின சத்தம்.
தலைக்கு மேல் ஒரு சுற்று,
மலைப்பக்கம் ஒரு சுற்று,
பிறகு தண்ணீர் வெறும் தண்ணீர்.

முன்னூறு என்றார் ஒருவர். ஐந்நூறு இருக்கும் என்றார் இன்னொருவர்.
பட்டுச்சேலை அம்மா ஆயிரத்தெட்டு என்றாள்.

ஏழரைக்கு வரலாறு என்று போட்டிருந்தேன்.
காட்ட வேண்டிய கல்மேல்தான் உலகம்மை நிற்கிறாள்.
துவைத்துத் துவைத்துச் சொட்டுநீலம் ஏறிய கல்.
தண்ணீர் தெளித்தேன்.
சாய்வெயிலில் எழுத்து மேலே வந்தது.
குளம் கல்லினதும், மடை வைத்ததும்,
அதற்கு ஒருவர் விட்ட நெல்லும்.
எத்தனை கலம் என்கிற இடத்தில் கல் உடைந்திருக்கிறது.
"அங்கயும் பஸ் வந்திருக்கும்"
என்றான் சுப்புத்தாயின் பையன்.

கடைசி வரி முழுசாக இருந்தது:
இது காத்தார் பாதம் என் தலை மேலது.

உலகம்மை குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.
"இது யாரு தல?"
தெரியாது என்றேன். பெயரும் உடைந்த பக்கத்தில்.
ஒரு காலை எடுத்தாள்.
"நான் ஒண்ணும் காக்கலயே."
மசூது கண்ணாடியை இறக்காமலே சொன்னார்:
"எண்ணுனதுக்கு ஒரு கால் வைக்கலாம், தாயி."
அப்படியே நின்றாள், ஒற்றைக்காலில்,
இட்லிப் பொட்டலம் பிரிக்கிறவரை.

எல்லாரும் போனபின் போனில் படிவம் திறந்தேன்.
எண்ணிக்கை என்ற கட்டம்.
மடையடியில் லாரி கழுவிக்கொண்டிருந்த பையன்
திரும்பாமலே சொன்னான்:
"நேத்து இதுல பாதிதாங் கெடந்துச்சு.
முந்தாநேத்து ஒண்ணுமே இல்ல."
காலையிலிருந்து அவனை ஒருவரும் கேட்கவில்லை.
நேற்றைவிட இரண்டு மடங்கு என்று அடித்தேன்.
கட்டம் சிவந்தது. எண் மட்டும் கேட்டது.

வாத்துகள் இரண்டு மூன்றாக
இறங்கத் தொடங்கியிருந்தன.

"இனி எப்பம்க்கா?"
"சித்திரையில. கொளம் வத்துனப்பொறவு.
நத்தைக்கூடு, பழைய பானை ஓடு, அப்படி எதாவது."
"பேரு குடுக்கணுமோ?"
"குடு."
குழாயை மூடிவிட்டு வந்தான்.
"பேச்சிராசா. வீட்டுல நாலு பேரு."

நாலு என்று எழுதினேன்.