நள்ளிரவுக் கணக்கு

செப்டம்பர் முப்பது முடிந்து
அக்டோபர் ஒன்று தொடங்கும் கணத்தில்
யார் மூச்சு ஓடிக்கொண்டிருந்ததோ
அவரை மட்டும் எழுது என்கிறது கையேடு.
பொத்தான் ஆலை மூடியபின்
எனக்கு வாய்த்த பதினைந்து நாள் வேலை.
கழுத்தில் அட்டை, தோளில் பை,
தலைக்கட்டுக்கு ஒரு படிவம்.
மிர்னா வோதா நகராட்சி, மூன்றாம் வட்டம்,
ஆற்றின் இடதுகரை முழுக்க என் பொறுப்பு.

முதலில் எண்ணியவர்கள் துருக்கியர்.
ஆளை அல்ல, புகையை.
பனிக்காலக் காலையில் குன்றேறி நின்று
எத்தனை கூரையில் புகையோ அத்தனை வரி.
நாற்பத்தொன்று என்று ஏட்டில் இருக்கிறதாம்.
அன்று அடுப்பு மூட்டாமல்
விறைத்துக் கிடந்த கெட்டிக்காரர்கள் எத்தனை பேர்
என்பது ஏட்டில் இல்லை.
அவர்கள் வம்சம் நாங்கள் என்று
பாதி ஊர் இன்றும் மார்தட்டுகிறது.

அப்புறம் வியன்னாக்காரர்கள் வந்து
குதிரைகளை எண்ணினார்கள்,
லாடம் அடித்தது தனி, அடிக்காதது தனி.
அப்புறம் வந்த அரசன் மதம் கேட்டான்.
அவனுக்கு அப்புறம் வந்த குடியரசு
இனம் கேட்டது.
எழுபத்தொன்றில் பெரிஷா
தன் இனம் ஆற்றுமீன் என்றான்.
பிறந்த இடத்திலேயே
ஓட்டத்தை எதிர்த்து நிற்கிறேனே,
வேறு என்ன நான்?
எழுதிக்கொண்டார்கள்.
நகராட்சி அட்டவணையில் அவனுக்குக் கீழே கோடு:
இதரர், ஒன்று.

தொண்ணூற்றொன்றில் ஒன்பதாயிரத்து இருநூற்று நான்கு.
அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள்
அரசாங்கம் எண்ணவில்லை.
வேறு சிலர் எண்ணினார்கள், ஒரு கோடை முழுக்க.
அவர்கள் கையிலும் பட்டியல் இருந்தது,
தெரு வாரியாக, வீட்டு எண்ணோடு.
என் கையில் இருப்பதும் அப்படித்தான்.
அதனால்தான் கதவைத் தட்டுமுன்
உரக்கச் சொல்லிவிடுகிறேன்:
மிலுன்கா! பொத்தான் ஆலை மிலுன்கா!

கிராட்ஸிலிருந்து பேருந்து பிடித்து வந்து
தூசி தட்டாத சோபாவில் உட்கார்ந்து
எங்களையும் எழுது என்கிறார்கள்.
எத்தனை நாளாய் இங்கே?
நேற்றிலிருந்து.
எத்தனை நாள் இருப்பீர்கள்?
நீ எழுதி முடிக்கும் வரை.

ஏழாம் எண் வீட்டில் ஷெம்ஸா
கண்ணைத் துடைத்துவிட்டு நாற்காலி போட்டாள்.
ஹைருதின், ரயில்வே கேட் காவலர், ஓய்வு,
பன்னிரண்டரைக்குப் போனாராம்.
நிச்சயமாகப் பன்னிரண்டரையா?
கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது
ஏன் இவ்வளவு சத்தம் என்று திட்டினார்,
அது போதுமா உன் படிவத்துக்கு?
போதும்.
உயிரோடு இருப்பவர் என்று எழுதினேன்.
அடுத்த கேள்வி: வேலை தேடுகிறாரா?
இல்லை என்று எழுதினேன்.

எதிர்வீட்டில் அதே இரவு
நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு பையன்.
அவனை எழுத முடியாது என்றேன்.
ப்ராத்தோ கொதித்தான்:
தொண்டை கிழியக் கத்துகிறானே, காதில் விழவில்லையா?
விழுகிறது. ஆனால் நள்ளிரவில் அவன் இல்லை.
உள்ளிருந்து நெவென்கா சிரித்தாள்,
தையல் வலிக்க வலிக்க:
நள்ளிரவில் அவன் எங்கே இருந்தான் என்று
எனக்குத் தெரியாதா!

ஒரே தெரு.
அந்தப் பக்கம் இழவு வீட்டு ஹல்வா,
இந்தப் பக்கம் பிள்ளை பிறந்த ப்ளம் சாராயம்.
இரண்டையும் நின்றபடியே வாங்கிக்கொண்டேன்.
கையொப்பத்தில் கொஞ்சம் ஹல்வா எண்ணெய்.

கடைசி வீடு, பதினெட்டாம் எண்.
வெளியே பூட்டு.
பட்டியலில் ‘காலி’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.
மேலே பார்த்தேன்,
புகைபோக்கியில் மெல்லியதாய்
ஒரு நூல் புகை.

பென்சிலை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
மழை தூறத் தொடங்கியது.
மிலுன்கா! என்றேன்.
உள்ளே ஏதோ நகர்ந்தது,
பாத்திரமோ, காலோ.
பொத்தான் ஆலை மிலுன்கா! என்றேன் மறுபடி,
இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று.