சென்டிமீட்டருக்கு எழுபது பைசா

மதுரையில் நான் இரவுப்பணி உதவி ஆசிரியன்.
அவள் கம்பத்திலிருந்து டிரங்க்கால் போடுவாள்.
வேலுத்தாய் என்ற பெயரைப்
பதினோரு வருஷத்தில் ஒருமுறையும் நாங்கள் அச்சிடவில்லை.
'நமது நிருபர்' என்றுதான் போடுவோம்.
வாசகர் கடிதமெல்லாம் 'ஐயா' என்றே வரும்.
அதை அவள் சிரித்துச் சிரித்து வாசித்துக் காட்டுவாள்
மூன்று நிமிஷம் ஆச்சு என்று
எக்சேஞ்ச் குறுக்கே விழும்வரை.

அச்சானதை அளந்துதான் கூலி.
மாதக் கடைசியில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துத்
தன் வரிகளை அவளே அளப்பாள்.
ஏலக்காய் விலை எழுதினால் முழுசாக வரும்.
காய் எடுத்தவளின் விரல்வெடிப்பை எழுதினால்
நான் வெட்டுவேன்.
"இடமில்லை, வேலுத்தாய்."
"காய்க்கு இருந்த இடம்
கைக்கு இல்லையா சார்?"

கூடலூரில் ஒருத்தி வெட்டுப்பட்டாள்.
'கள்ளக்காதலி' என்று தலைப்பு வைத்தேன்,
பழக்கத்தில்.
மறுநாள் ரிசீவரில் சன்னமாக வந்தாள்:
"அவ தண்ணி எடுக்கப் போனா.
புருஷன் அருவாளோட நின்னான்.
நான் அனுப்புனது அம்புட்டுத்தான்.
காதல் எங்கிருந்து வந்துச்சு,
உங்க மேசையில இருந்தா?"

எண்பத்து மூன்றில்
லொரெதானா என்றொரு இத்தாலிப் பத்திரிகைக்காரி
யானை பார்க்கத் தேக்கடி வந்தாள்.
வேலுத்தாய் அவளை நாலரைக்கு எழுப்பிக்
கூலி ஜீப்பில் ஏற்றிவிட்டாள்.
அன்று ராத்திரி போனில் ஒரே கத்தல்:
"அவுக ஊர்லயும் பொம்பளைக
முழங்கால் தண்ணியில நின்னு நெல்லுக்குக் களை பறிச்சாகளாம்.
எட்டு மணி நேரத்துக்குச் சண்டை போட்டாகளாம்.
அவுக பேப்பர்லயும் இவுகளைச்
சமையக்குறிப்புதான் எழுதச் சொன்னாகளாம்!"
சரி, நீயும் ஒன்று அனுப்பேன் என்றேன்.
வேடிக்கைக்குத்தான் சொன்னேன்.
நாலு நாள் கூப்பிடவில்லை.

பிறகு அந்த ஐப்பசி.
கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவு.
பத்துப் பேர் ஜீப்பில் பத்தொன்பது பேர்.
ஈரச்சேலையோடு நின்று ஆறு பெயர் சொன்னாள்,
எழுத்தெழுத்தாக.
அந்த ராத்திரி தீபாவளிப் பட விளம்பரம்
கால்பக்கம் கூடிப்போனது.
ஆறு பெயரும் சேர்ந்து நாலு சென்டிமீட்டர்.
'பெண்கள் ஆறு பேர் பலி.'

அதற்குப் பிறகு எனக்கு எழுதவில்லை.
தானே நாலு பக்கம் போட்டாள், சைக்ளோஸ்டைலில்.
பெயர்: கூலிச்சீட்டு.
செக்போஸ்டில் மலையாளப் போலீஸ்காரர் ஒருவர்
ஒரு கட்டை அப்படியே பிடுங்கினார்.
தமிழ் வாசிக்கத் தெரியாது, பாவம்.
கடலை மடிக்கக் கடைக்குக் கொடுத்துவிட்டார்.
பொட்டலம் பொட்டலமாக
அது தோட்டம் போய்ச் சேர்ந்தது.

அவள் இறந்த சேதி மூன்று வரி வந்தது.
அளக்கவில்லை நான்.

அக்காள் மகள் ராக்கம்மாள்தான் அந்த நோட்டைக் கொடுத்தாள்.
இடப்பக்கம் அனுப்பியது.
வலப்பக்கம் வந்தது.
வலப்பக்கமெல்லாம் என் கை
வெள்ளையாகக் கிடந்தது.

ஐப்பசிப் பக்கத்தில்
சிலம்பாயி
மொக்கத்தாய்
செல்லக்கனி
பூங்கிளி
ஜெபமணி.
ஐந்தும் மையில்.
எனக்குச் சொன்ன ஆறாவது பெயர் காமாட்சி.
அதை அடித்துவிட்டு எழுதியிருந்தாள்:
'காமாட்சிக்கு அன்று காய்ச்சல். உயிரோடிருக்கிறாள்.
அவள் சீட்டில் ஏறி வந்தவள் யார்?'
கீழே வருஷா வருஷம் பென்சிலில் ஒரு பெயர்.
விசாரித்து, அடித்து,
இன்னொன்று எழுதி, அடித்து.
கடைசியில் ஒன்று அடிபடாமல்,
கேள்விக்குறியோடு.

போன வாரம் இருட்டோடு கம்பத்தில் இறங்கினேன்.
ஜீப்புகள் உறுமிக்கொண்டு நின்றன.
தூக்குவாளியை மடிக்கு இழுத்து
ஒருத்தி எனக்கு இடம் ஒதுக்கினாள்.
"யாரத் தேடுறீக?"
பென்சில் பெயரைச் சொன்னேன்.
இரைச்சலில் கேட்கவில்லை.
"என்ன பேரு?" என்றாள்.

திரும்பவும் சொன்னேன்.