மாதம் பதினோரு பேர்

பூட்டுக்காரனுக்கு விளம்பரம் எதற்கு என்பாள் ஸிக்ரிதா,
வெளியே மாட்டிக்கொண்டவன் தானாகத் தேடி வருவான் என்று.
வந்தான்தான்.
வழியில் முப்பத்தேழு பூட்டுக்காரர்கள் நின்றார்கள்.
ரீகாவில் நான் நான்காம் பக்கத்தில் இருந்தேன்.
அதுவரை இறங்கி வருகிறவன்
ஒன்று போட்டிக்காரன், இல்லை தூக்கம் வராதவன்.

மாதம் முந்நூற்று நாற்பது யூரோ. ஆறு மாத ஒப்பந்தம்.
மதாரா வந்தாள். ஈர ஷூவை வாசலில் கழற்றிவிட்டு
சாவி அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில்
பித்தளைத் தூளை ஊதித் தள்ளி
மடிக்கணினியைத் திறந்தாள்.
"முதலிடம் பிடித்துத் தருகிறேன் என்று
சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன்."
அதனாலேயே கையெழுத்துப் போட்டேன்.
பூட்டைத் தொடுவதற்கு முன்பே நிமிடக் கணக்குச் சொல்பவன்
துளைபோடும் மெஷினோடு வந்திருக்கிறான்.
அது எங்கள் தொழிலிலும் உண்டு.

முதல் வாரம் என் வாக்கியங்களை அடித்தாள்.
'நவீன அணுகல் பாதுகாப்புத் தீர்வுகள்.'
"இதை யார் தேடுவார்கள், குனார்ஸ்?
கையில் குப்பைப்பையோடு, வீட்டுச் செருப்போடு
படிக்கட்டில் நிற்கிறவனா?
அவன் வாயில் வருவதுதான் நமக்கு வேண்டும்.
பாதிப்பேர் ரஷ்யனில் தேடுகிறார்கள்,
மீதிப்பேர் எழுத்துப்பிழையோடு."

பிறகு பட்டியலைக் காட்டினாள்.

சாவி உள்ளே நான் வெளியே
பூட்டு தொறக்க எவ்ளோ
முன்னாள் கணவனிடம் சாவி இருக்கு மாத்தணும்
சாவி உடைஞ்சு பாதி உள்ளே
குழந்தை பாத்ரூமில் தாழ் போட்டுக்கிச்சு
ஞாயிறு உண்டா

முப்பது வருடமாகக் கதவுகளின் முன் நிற்கிறேன்.
என்னைக் கூப்பிடுவதற்கு முந்தைய நிமிடத்தில்
அவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடியில், கடைசிக்குச் சற்று மேலே:
அம்மா உள்ளதான் இருக்காங்க கதவு தொறக்கல

"மாதம் பதினோரு பேர்," என்றாள் மதாரா.
"சின்ன எண். ஆனால் போட்டியே இல்லை.
வேண்டுமென்றால் இந்த வரி முழுக்க உங்களுடையது."

தளராத ஒரு திருகை நான் முடுக்கிக்கொண்டிருந்தேன்.
இமாந்தா, நான்காம் மாடி, ஒரு ஜனவரி.
உள்ளே ரேடியோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தது.
பெயர்நாளுக்கு வாங்கிய கேக் பெட்டியை
மகள் கிடைமட்டமாகவே பிடித்திருந்தாள், கடைசிவரை.
நான்கு நிமிடத்தில் திறந்தேன்.
மறுநாள் ரசீது அனுப்பினேன்.
அன்றைக்கே பணம் வந்துவிட்டது.

அந்தப் பக்கத்தை மட்டும் நானே எழுதினேன்.
முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எண் இதோ.
பிறகு அண்டை வீட்டை. பிறகு என்னை.
சாவித்துளையில் எதையும் விடாதீர்கள்.
சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

மதாரா இரண்டு முறை படித்தாள்.
"வந்த ஆளை நீங்களே வேறிடத்துக்கு அனுப்புகிறீர்கள்.
எட்டு வினாடியில் போய்விடுவார்கள்.
என் கணக்கில் அது தோல்வி என்றுதான் விழும்."
விழட்டும் என்றேன்.
ஒரு காற்புள்ளியைத் திருத்தினாள். வேறெதையும் தொடவில்லை.

மார்ச், விடிகாலை ஐந்து மணி. ஒருவன் மூச்சு வாங்கப் பேசினான்.
அப்பா. கதவு. ஆம்புலன்ஸும் வருகிறதாம்.
தௌகவாப் பாலத்தில் மூன்று சிவப்பு விளக்கைத் தாண்டினேன்.
பூட்டு விலகியபோது
இடுப்பில் துண்டு, காதில் ஹெட்போன்,
தாடி முழுக்க சோப்பு நுரையோடு கிழவர் நின்றார்.
எங்கள் எல்லோருடைய பரம்பரையையும் ரஷ்யனில் திட்டினார்.
குளிர் உள்ளே வருகிறதாம், கதவைச் சாத்தச் சொன்னார்.
மகன் படியில் உட்கார்ந்து சிரித்தான்,
பிறகு அது சிரிப்பாக இல்லை.

நாற்பத்தைந்து யூரோ வாங்கினேன். வாங்காமல் என்ன.

மாத அறிக்கையில் அந்த நாளுக்கு எதிரே
ஒரு பார்வை, ஒன்பது வினாடி, சிவப்பு அம்புக்குறி.
ஓரத்தில் பென்சிலால் 'நுரை' என்று எழுதிவைத்தேன்.

ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று ஸிக்ரிதா கேட்கிறாள்.
யோசிக்கணும்.
வெறுமனே பூட்டுக்காரன் என்று தேடினால்
இன்னும் இரண்டாம் பக்கம்தான்.